18 நிமிடப் பாட்டுக்குள் ஒரு சாதாரணப் பாட்டு: யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' கேட்பது எப்படி?

வாசகர் ஒருவரின் கேள்வி சுருக்கமாக இதுதான்: பீட்டில்ஸ் பிடிக்கும், பிங்க் ஃப்ளாய்ட் பிடிக்கும். நீண்ட, சிக்கலான பாட்டுகள் கொண்ட புரோக்ரெசிவ் ராக் வகையின் உச்சம் என்று பலர் சொல்கிற யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தைப் போட்டால், முதல் நாலு நிமிடம் ஐந்து பேர் ஐந்து பாட்டு வாசிப்பதுபோல இருக்கிறது. எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது?

சரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் அந்த 18 நிமிடச் சொச்சத் தலைப்புப் பாட்டு பார்வைக்குத்தான் மலை. உள்ளே இருப்பது சாதாரணமான ஒரு பாட்டு: நீண்ட முன்னிசை, சரணம், பல்லவி, மறுபடி சரணம், பல்லவி, மெதுவான நடுப்பகுதி ஒன்று, ஆர்கன் இடையிசை, கடைசிச் சரணம், பல்லவி. சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த எவருக்கும் பழகிய கட்டுமானம் இது. ஒவ்வொரு முறை சரணம் வரும்போதும் அடியில் இருக்கும் தாளத்தையும் பாஸ் கிட்டாரையும் மாற்றிவிடுகிறார்கள், அதனால் அதே மெட்டுதான் என்று காது உடனே கண்டுபிடிப்பதில்லை. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு இந்த ஆல்பத்தின் மேல் இருந்த பயம் போய்விடும்.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1972 செப்டம்பரில் வெளிவந்த ஆல்பம். பாடகர் ஜான் ஆண்டர்சன், கிட்டார் ஸ்டீவ் ஹவ், பாஸ் கிறிஸ் ஸ்குவையர், கீபோர்டு ரிக் வேக்மேன், டிரம்ஸ் பில் புரூஃபோர்ட். லண்டனில் அட்விஷன் ஸ்டுடியோவில் பதிவு. எடி ஆஃபோர்ட் ஒலிப்பதிவாளர், குழுவோடு சேர்ந்து அவரே தயாரிப்பாளரும். முந்தைய வருடம் வந்த 'ஃப்ராஜைல்' ஆல்பத்தின் 'ரவுண்டபௌட்' பாட்டு அமெரிக்காவில் நன்றாக ஓடியிருந்தது. இன்னொரு 'ரவுண்டபௌட்' போட்டுக் காசு பார்த்திருக்கலாம். இவர்கள் மூன்றே பாட்டில் ஆல்பத்தை முடித்தார்கள். அப்படியும் பிரிட்டனில் 4-ஆம் இடம், அமெரிக்காவில் 3-ஆம் இடம் வரை ஏறியது. அந்தக் காலத்து ரசிகர்களின் பொறுமையை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

சரி, ஊசியை வைப்போம்.

முதலில் தண்ணீர் ஓடும் சத்தம், பறவைகள், மெல்லிய மணிச் சத்தம். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இது மெல்ல ஏறிக்கொண்டே வரும். ஒலியளவைக் கூட்டிவிடாதீர்கள், அடுத்து வரும் இடி காதைப் பதம் பார்த்துவிடும். குழு மொத்தமும் ஒரே நேரத்தில் பாய்ந்து உள்ளே வரும். ஹவ்வின் கிட்டார் நெருப்புப் பொறிபோலத் தாறுமாறாகத் தெறிக்கும், பாஸ் ஏறி இறங்கி ஓடும், டிரம்ஸ் எந்த அடியில் நிற்கிறது என்றே பிடிபடாது. நீங்கள் குழம்பியது இங்கேதான், அதில் தப்பே இல்லை. இந்த இடத்தில் மெட்டைத் தேடாதீர்கள், மெட்டு இன்னும் வரவில்லை. திடீரென்று வாத்தியங்கள் எல்லாம் ஒரு நொடி அறுந்து நிற்க, அந்த வெற்றிடத்தில் மனிதக் குரல்கள் மட்டும் ஒரு சுரக்கொத்தைப் பாடிவிட்டு மறையும்; உடனே பழையபடி இரைச்சல். இப்படி ஓரிரு முறை நடக்கும். அந்த நிறுத்தங்களை மட்டும் எதிர்பார்த்துக் கேளுங்கள். அடுத்த முறை அவை எங்கே வரும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், அதன்பின் இந்தப் பகுதி இரைச்சலாகத் தோன்றாது.

ஏறக்குறைய 3-வது நிமிடத்தில் புகை விலகியதுபோல, கிட்டார் ஒரு தெளிவான, நீண்ட மெட்டை வாசிக்கும். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், முணுமுணுக்கும் அளவுக்கு. பாட்டின் கடைசிக் கால் பகுதிக்குள் நுழையும்போது இது முகம் மாறி, சற்றுக் கரடுமுரடாகத் திரும்பி வரும். மனப்பாடம் இருந்தால் அந்த இடத்தில் ஒரு துள்ளல் கிடைக்கும், இல்லாவிட்டால் புதுசாக என்னவோ ஆரம்பிக்கிறது என்று நினைத்து விட்டுவிடுவீர்கள்.

4-வது நிமிடத்தில் ஆண்டர்சன் பாட ஆரம்பிக்கிறார். இதுதான் முதல் சரணம். பிறகு பல்லவி: விளிம்பு, ஆறு, மூலை என்று மூன்று நான்கு சொற்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியிலும் இடம் மாற்றி மாற்றி அடுக்குகிறார். விளிம்புக்கு அருகே ஆற்றோரம் என்பார், அடுத்து மூலையைச் சுற்றி என்பார், பின்னால் வரும்போது இரண்டையும் மாற்றிப் போடுவார். வரியைக் கேட்டுக் கதை தேடினால் ஒன்றும் கிடைக்காது. சொற்கள் சுற்றிச் சுற்றி வருவதைக் கேட்டாலே போதும்.

6-வது நிமிடத்தை ஒட்டி இரண்டாம் பகுதி, 'டோட்டல் மாஸ் ரிட்டெய்ன்'. இங்கேதான் நான் முதலில் சொன்ன வேலை நடக்கிறது. ஆண்டர்சன் பாடுவது ஏறத்தாழ முதல் சரணத்தின் அதே மெட்டு. ஸ்குவையரின் பாஸ் மட்டும் வேறு நடைக்கு மாறிவிட்டது. முதல் சரணத்தில் இருந்த ஓட்டம் போய், வெட்டி வெட்டித் தாவுகிறது. ஒரு முறை குரலை மறந்துவிட்டு இரண்டு சரணங்களிலும் பாஸை மட்டும் தொடர்ந்து போய்ப் பாருங்கள். முதல் சரணம் முடிந்ததும் பின்னால் போய் மறுபடி கேட்டுவிட்டு இரண்டாவதற்கு வந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஸ்குவையரின் பாஸைப் பற்றி இன்னும் கொஞ்சம். அவர் கையில் இருந்தது ரிக்கன்பேக்கர். விரலால் மீட்டாமல் பிக் என்ற சிறு தகட்டால் அடிப்பார். அதனால் அடிநாதமாகப் படுத்துக்கிடக்க வேண்டிய பாஸ், கரகரவென்ற உலோகச் சத்தத்தோடு கிட்டாருக்குச் சமமாக முன்னால் வந்து நிற்கும். வழக்கமான ராக் குழுவில் பாஸும் டிரம்ஸும் சேர்ந்து தரையைப் போட, கிட்டாரும் குரலும் மேலே ஆடும். யெஸ்ஸில் பாஸே ஒரு மெட்டு. ஐந்து பேர் ஐந்து பாட்டு வாசிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றியதற்கு முக்கியக் காரணம் இவர்தான் என்பேன். சொன்னால் கிட்டார் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்; வரட்டும். இந்த ஆல்பத்தை நடத்திச் செல்பவர் ஸ்குவையர்.

புரூஃபோர்ட் வேறு ரகம். அவர் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், ஸ்னேர் டிரம்மின் டக்கென்ற கூர்மையான சத்தத்தை நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் வைப்பார். அடி விழும் இடத்தைவிட விழாத இடம் சுவையாக இருக்கும்.

எட்டரை நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். மூன்றாம் பகுதி, 'ஐ கெட் அப், ஐ கெட் டவுன்'. டிரம்ஸ் இல்லை. தாளம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும் அளவுக்கு ஒலிகள் மெல்லப் படர்ந்து கரைகின்றன. ஆண்டர்சன் ஒரு வரியைப் பாட, ஸ்குவையரும் ஹவ்வும் வேறு வரியை, வேறு மெட்டில், அவருக்குக் குறுக்கே பாடுகிறார்கள். ஒரு முறை ஆண்டர்சனை மட்டும் பின்தொடருங்கள், இன்னொரு முறை அந்த இருவரை மட்டும். ஸ்குவையர் சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். அந்தப் பயிற்சி இங்கே நன்றாகவே தெரிகிறது. 'ஐ கெட் அப், ஐ கெட் டவுன்' என்ற வரி உங்களுக்குப் புதிதல்ல என்பதையும் கவனியுங்கள். இரண்டாம் பகுதியின் முடிவிலேயே அதை வேகமாகச் சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார்கள். மொத்தப் பாட்டும் முடிவதும் அதே வரியில்தான்.

12-வது நிமிடம் தாண்டியதும் தேவாலய ஆர்கன். இது ஸ்டுடியோ வித்தையல்ல. லண்டன் பார்பிகன் பகுதியில் உள்ள செயின்ட் ஜைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்துக்குப் போய், அங்கிருந்த குழாய் ஆர்கனில் வேக்மேன் வாசித்ததைப் பதிவு செய்து வந்து ஒட்டினார்கள். கவிஞர் மில்டன் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் தேவாலயம் அது. அதுவரை ஸ்டுடியோ அறையின் அளவுக்குள் கேட்டுக்கொண்டிருந்த இசை, அந்த ஒரு சுரக்கொத்தில் சட்டென்று ஆளுயரத்தை விட்டு வானுயரத்துக்குப் போய்விடும். கல் சுவர்களில் மோதித் திரும்பும் எதிரொலி அதில் இருக்கிறது. இந்த ஒரு இடத்துக்காகவாவது ஃபோனின் ஸ்பீக்கரை விட்டுவிட்டு நல்ல ஸ்பீக்கரிலோ ஹெட்ஃபோனிலோ கேளுங்கள். ஆர்கன் இரண்டு தடவை வரும். நடுவில் ஆண்டர்சன் ஒரு முறை பாடுவார். இரண்டாம் தடவை பிரகாசமாக ஆரம்பித்து இருண்டுபோகும். அந்த இருட்டுக்குள்ளிருந்து மூக் சின்தசைசர் கிளம்ப, 14-வது நிமிடத்தில் குழு மறுபடி பாயும். நீங்கள் மனப்பாடம் செய்துவைத்த 3-வது நிமிட மெட்டு திரும்பி வருவது இந்த இடத்தில்தான்.

அப்புறம் 15-வது நிமிடத்தை ஒட்டி ஹேமண்ட் ஆர்கனில் வேக்மேனின் தனி ஆவர்த்தனம். என்னைக் கேட்டால் ஆல்பத்திலேயே சிறந்த ஒரு நிமிடம். கீபோர்டுக்காரர் வேகம் காட்டும் இடங்கள் இந்த வகை இசையில் பெரும்பாலும் சலிப்புத் தட்டும். இது தட்டாது, ஏனென்றால் கீழே பாஸும் டிரம்ஸும் அவரை உட்கார விடாமல் துரத்துகின்றன. அது முடிந்ததும் கடைசிச் சரணம். அதே மெட்டு, மூன்றாவது உடை. பல்லவி. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உச்சத்துக்கு ஏறி, கரைந்து, மறுபடி தண்ணீரும் பறவைகளும்.

ஆறு எங்கிருந்து வந்தது என்றால், ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவலிலிருந்து. ஆண்டர்சன் அதன் தாக்கத்தில் எழுதினார். திருலோக சீதாராமின் தமிழில் அதை வாசித்தவர்களுக்கு ஓடக்காரன் வாசுதேவனும் அந்த ஆற்றின் குரலும் நினைவிருக்கும். ஆனால் நாவலின் கதையைப் பாட்டுக்குள் தேடி அலைய வேண்டாம். ஆண்டர்சன் சொற்களை அர்த்தத்துக்காக மட்டும் எடுப்பவர் அல்ல, ஓசைக்காக எடுப்பவர். வரிகளை அச்சில் பார்த்தால் பாதிக்குமேல் உளறலாகத்தான் தெரியும். சில விமர்சகர்கள் வரிக்கு வரி ஞான விளக்கம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாடும்போது அந்த உயிரெழுத்துகள் எவ்வளவு வாகாகத் திறந்துகொள்கின்றன என்பதே போதுமான விளக்கம்.

இதை எப்படி வாசித்தார்கள் என்று கேட்டால், முழுசாக வாசிக்கவே இல்லை. சிறு சிறு துண்டுகளாக வாசித்துப் பதிந்து, டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டி ஆஃபோர்ட் கட்டியெழுப்பியது இது. ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் விவாதிப்பார்கள், பதிவார்கள், அடுத்த துண்டுக்குப் போவார்கள். ஆல்பம் முடிந்த பிறகு மேடைக்காகத் தங்கள் பாட்டையே தாங்கள் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கவனித்துக் கேட்டால் சில திருப்பங்களில் அறையின் காற்றே மாறுவது தெரியும். தேவாலய ஆர்கன் நுழையும் இடம் அதற்கு நல்ல உதாரணம். இந்த வேலைமுறை புரூஃபோர்டுக்கு அலுத்துப்போனது. பதிவு முடிந்த கையோடு குழுவை விட்டு விலகி கிங் கிரிம்ஸன் என்ற இன்னொரு ராக் குழுவில் சேர்ந்தார். புகழின் உச்சியில் இருந்த குழுவை விட்டு அப்படிப் போக ஒரு தைரியம் வேண்டும்.

தட்டைத் திருப்புவோம். இரண்டாம் பக்கம் 'அண்ட் யூ அண்ட் ஐ', சுமார் 10 நிமிடம். உண்மையில் புதிதாக வருகிறவர்களை நான் இந்தப் பாட்டிலிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வேன். 12 தந்தி அக்கூஸ்டிக் கிட்டாரில் மணி அடிப்பதுபோன்ற ஒலிகளோடு ஆரம்பம். பதிவறையில் யாரோ 'ஓகே' என்று சொல்வதுகூட உள்ளே மாட்டியிருக்கிறது, அதை வெட்டாமல் விட்டது அழகு. எளிமையான நாட்டுப்புறப் பாட்டுபோலப் போய்க்கொண்டிருக்கும்போது, மெல்லோட்ரான் என்ற டேப் கீபோர்டும் மூக் சின்தசைசரும் ஹவ்வின் ஸ்டீல் கிட்டாரும் சேர்ந்து ஒரு பெரிய அலையாக எழும்பும். சிக்கலே இல்லை. அதைப் பற்றி எழுதவும் அதிகம் இல்லை, கேட்டால் பிடித்துவிடும்.

கடைசிப் பாட்டு 'சைபீரியன் கட்ரு'. எழுந்து ஆடலாம் என்று தோன்றும், ஆடினால் கால் தடுக்கும். காரணம் கணக்கில் இருக்கிறது. தனி கிட்டாரில் ஆரம்பித்து, குழு உள்ளே வந்தபின் திரும்பத் திரும்ப ஒரு ரிஃப், அதாவது குட்டிச் சுரவரிசை, ஓடும். அதை வேகமான எண்ணிக்கையில் எண்ணிப் பாருங்கள். 16 வந்து சேர வேண்டிய இடத்தில் 15-இல் முடிந்து மறுபடி முதலுக்குப் போய்விடும். 8-ம் 7-ம். மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே எண்ணினால் ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் ஒரு தட்டு பின்தங்குவது தெரியும். கர்நாடக சங்கீதத்தில் ஏழு எண்ணிக்கையுள்ள மிஸ்ர சாபுக்குத் தட்டிப் பழகிய கை உள்ளவர்கள் இரண்டாம் சுற்றிலேயே பிடித்துவிடுவார்கள். பிடிபட்ட பிறகு எண்ணுவதை நிறுத்திவிடுங்கள். கணக்குப் பார்த்துக்கொண்டே கேட்பது பரீட்சை எழுதுவதாகிவிடும். அந்த ஒன்று குறைவதால்தான் பாட்டு முன்னால் சாய்ந்தபடியே ஓடுகிறது என்று உடம்புக்குத் தெரிந்தால் போதும்.

நடுவே ஹவ் எலெக்ட்ரிக் சித்தாரை எடுக்கிறார். பெயரில்தான் சித்தார். கிட்டார்போலவே பிடித்து வாசிக்கும் கருவி, தந்திகளைத் தாங்கும் பாலத்தின் அமைப்பால் தந்தி ஜிவ்வென்று அதிரும். அதைத் தொடர்ந்து வேக்மேன் ஹார்ப்ஸிகார்டில் ஒரு சின்ன ஓட்டம். 18-ஆம் நூற்றாண்டு வரவேற்பறைச் சத்தம் ஒரு ராக் பாட்டின் நடுவில் வந்து, உடனே ஸ்டீல் கிட்டாரிடம் கைமாறுகிறது. சொன்னால் அபத்தமாக இருக்கும். கேட்கும்போது ஒரு நொடிகூட அபத்தமாகத் தோன்றாது. கடைசியில் ஒற்றை ஒற்றைச் சொற்களாக வெட்டி வெட்டிப் பாடும் பகுதி ஒன்று உண்டு. அங்கே ஆண்டர்சன் அர்த்தத்தை முற்றிலும் கைகழுவிவிட்டார்.

எந்தப் பதிப்பைக் கேட்பது? அடுத்து இதைத்தான் கேட்பீர்கள். ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும் சாதாரணப் பதிப்பே முதலில் போதும். ஆனால் ஷஃபிளை அணையுங்கள், மூன்றாம் பாட்டோடு நிறுத்துங்கள். சில பதிப்புகளில் அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒத்திகைப் பதிவுகளும் சிங்கிள் வடிவமும் ஆராய்ச்சிக்காரர்களுக்கானவை. பாட்டு பழகியபின் 2013-இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் செய்த ரீமிக்ஸைத் தேடிப் பிடியுங்கள். வாத்தியங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்காமல் விலகி நிற்கும், பாஸைத் தொடர்வது இன்னும் சுலபம். பழைய கலவையின் நெருக்கடிதான் அந்தப் பாட்டின் உயிர் என்று வாதாடுபவர்களும் உண்டு. முதல் நாலு நிமிடத்தைப் பொறுத்தவரை நான் அவர்கள் கட்சி.

அட்டையும் பார்க்கத் தகுந்தது. ரோஜர் டீன் வரைந்தது. முன்பக்கம் மங்கும் பச்சை நிறமும், வளைந்து பின்னிக்கொள்ளும் யெஸ் எழுத்துகளும் மட்டுமே. அந்த எழுத்து வடிவம் முதன்முதலில் வந்தது இந்த ஆல்பத்தில்தான். விரித்தால் உள்ளே, ஓரங்களில் தண்ணீர் வழிந்து விழுந்துகொண்டே இருக்கும் ஒரு மலையுச்சி ஏரி.

இது பிடித்துப்போனால் அடுத்து 1973-இல் வந்த 'யெஸ்சாங்ஸ்' மேடைப் பதிவு. மூன்று தட்டுகள். பெரும்பாலும் புரூஃபோர்டின் இடத்தில் ஆலன் வைட். அவருடைய அடி இன்னும் கனமானது, நேரானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு டிரம்மர் மாறினால் பாட்டின் நடையே எப்படி மாறும் என்று விளங்கும். அதன்பின் 1974-இன் 'ரிலேயர்'. இடையில் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. நாலு பக்கம், நாலே பாட்டு, பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் ஒரு அடிக்குறிப்பைப் படித்துவிட்டு ஆண்டர்சன் கிளப்பியது. அதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். வேக்மேனுக்கே அது பிடிக்கவில்லை. அந்தச் சுற்றுப்பயணத்தில் மேடையிலேயே, வாசிக்க வேலையில்லாத நேரத்தில், கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கோழிக்கறி சாப்பிட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். பயணம் முடிந்ததும் குழுவிலிருந்தும் விலகிவிட்டார்.